எந்தப் படியால் அளந்த எண்? பண்பாடுகளுக்கிடையே கருத்தாய்வு அளவீடுகளை ஒப்பிடுதல்

ஒரு பெரிய மக்கள்தொகையிலிருந்து முறைப்படி தெரிந்தெடுத்த சிலரிடம் ஒரே விதமான கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொல்லும் விடைகளை எண்களாக்கி, அந்த எண்களிலிருந்து முழுச் சமூகத்தைப் பற்றிய முடிவுக்கு வருவதைச் சமூக அறிவியலில் கருத்தாய்வு என்பர். ஒரே நாட்டுக்குள், ஒரே மொழிக்குள் நடத்தும்போதே இம்முறையில் சிக்கல்கள் பல உண்டு. ஓரிடத்தில் கிடைத்த எண்ணை வேற்று மொழியும் வேற்று வழக்கமும் உள்ள இன்னோரிடத்தின் எண்ணோடு சேர்த்து வைத்து எது கூடுதல், எது குறைவு என்று சொல்லப் புகும்போது, இரண்டு இடங்களிலும் அளந்த கருவி ஒன்றுதானா என்ற அடிப்படைக் கேள்வி எழுகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வருவதற்கு முன், படி என்ற ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வெவ்வேறு கொள்ளளவு கொண்ட பாத்திரங்கள் தமிழ்நாட்டில் புழங்கின; பட்டணம் படி என்று அடைமொழி கொடுத்துப் பேசவேண்டிய தேவை அதனால்தான் இருந்தது. இரண்டு ஊர்களில் விளைந்த நெல்லை ஒப்பிட வந்தவர் எத்தனை படி என்று மட்டும் கேட்டு, எந்தப் படி என்று கேட்காமல் போனால், அவர் எழுதி வைக்கும் கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. பண்பாடுகளை ஒப்பிடும் கருத்தாய்வுகள் பலவும் இன்று நிற்கும் இடம் இதுதான்.

இந்த ஒப்பீடுகளின் பயன்பாடு நூலகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1981இல் தொடங்கிய உலக மதிப்பீடுகள் ஆய்வு, கேலப் நிறுவனத்தின் உலகக் கருத்துக் கணிப்பு, இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு ஆகியவற்றின் எண்களைக் கொண்டுதான் நாடுகளும் மாநிலங்களும் வரிசைப்படுத்தப்படுகின்றன, திட்டங்கள் வகுக்கப்படுகின்றன, ஒரு மக்கள் கூட்டத்தாரின் இயல்பு இன்னது என்ற தீர்ப்பும் சொல்லப்படுகிறது. 2024ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை 143 நாடுகளில் இந்தியாவை 126ஆம் இடத்தில் வைத்தது. அந்த வரிசைக்கு ஆதாரம், அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1965இல் வெளியான தம் நூலில் விளக்கிய ஏணிக் கேள்வியாகும்: சுழியத்திலிருந்து பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியில், உச்சிப்படி ஒருவருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை என்றும் அடிப்படி மிக மோசமானது என்றும் கொண்டால், விடையளிப்பவர் இப்போது எந்தப் படியில் நிற்பதாகக் கருதுகிறார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி கொங்கு நாட்டுப் பல்லடம் வட்டாரத்தில் ஒரு விசைத்தறிக்காரரின் முன் வைக்கப்படும்போது என்ன நேர்கிறது என்று சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். தொழில் எப்படி என்று கேட்டால் 'ஏதோ ஓடுதுங்க' என்பதும், உடம்பு எப்படி என்று கேட்டால் 'பரவாயில்லீங்க' என்பதும் கொங்கு நாட்டில் நிலைபெற்ற விடைகள். தறி நன்றாக ஓடும் காலத்திலும் இதே விடைதான், பாவு நூல் வராமல் தறி நிற்கும் காலத்திலும் இதே விடைதான். வேறுபாடு குரலில் இருக்குமே தவிரச் சொல்லில் இராது. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற அச்சமும், முன்பின் தெரியாதவரிடம் வளத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும், பெருமை பேசுவது மரியாதையன்று என்ற வளர்ப்பும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அந்த 'ஏதோ ஓடுதுங்க' என்பதை நான்கு என்று குறிப்பதா, ஆறு என்று குறிப்பதா என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்பவர் விடை சொன்னவர் அல்லர்; படிவத்தைக் கையில் வைத்திருக்கும் களப்பணியாளரே. இதனால் இந்தியாவின் 126ஆம் இடம் பிழையென்று ஆகிவிடாது. அந்த இடத்துக்கு இட்டுச் சென்ற எண்ணில் வாழ்க்கை எவ்வளவு, வாழ்க்கையைப் பற்றிப் பேசும் வழக்கம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு ஒப்பிடுபவரைச் சேர்ந்தது என்பதே இதன் பொருள்.

இப்பிரச்சினையை இந்தியச் சான்றுகளைக் கொண்டு மிகக் கூர்மையாக எடுத்துக்காட்டியவர் அமர்த்தியா சென். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவிலிருந்த அகில இந்தியச் சுகாதாரம் மற்றும் பொதுநலவாழ்வு நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வை அவர் மீண்டும் எடுத்துப் படித்தார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தாங்கள் நோயுற்றிருப்பதாகவோ உடல்நிலை சரியில்லாதிருப்பதாகவோ சொல்லியிருந்தனர். கணவனை இழந்த பெண்களிலோ அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. உடல்நிலை அவ்வளவு சரியில்லை என்ற இடைநிலை விடையைத் தனியே எடுத்தால் ஆண்களில் 45.6 விழுக்காட்டினர் அதைத் தேர்ந்திருக்க, பெண்களில் ஒருவர்கூடத் தேர்ந்திருக்கவில்லை. அக்காலக் கைம்பெண்களின் நிலையை அறிந்த எவரும் அவர்கள் ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்று நம்பமாட்டார்கள். தனக்கென்று ஓர் உடல்நிலை இருக்கிறது, அது சரியில்லை என்று முறையிடத் தனக்கு உரிமை உண்டு என்ற எண்ணமே மறுக்கப்பட்டவர்களின் மௌனம் அங்கே நல்ல உடல்நலமாகப் பதிவாகிவிட்டது. 2002இல் எழுதிய ஒரு கட்டுரையில் சென் இதே வாதத்தை மாநிலங்களுக்கு விரித்தார்: இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில் நோயிருப்பதாகச் சொல்பவர்களின் விகிதம் மிக அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் அது மிகக் குறைவு. படிப்பும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் நோய் நோயாக அடையாளம் காணப்படுகிறது. இல்லாத இடத்தில் அது உடம்பின் இயல்பாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டு எண்களையும் அப்படியே நம்பி நிதி ஒதுக்குபவர், தேவை மிகுந்த இடத்துக்கே குறைவாகக் கொடுப்பவராகிவிடுவார்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) இன்னும் சிக்கலான ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. சொல்லாமல் வெளியே போதல், சமையலைச் சரியாகச் செய்யாதிருத்தல், மாமியார் மாமனாரை மதிக்காதிருத்தல் போன்ற ஏழு காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று அதில் கேட்கப்பட்டது. ஏதேனும் ஒரு காரணத்துக்கு ஆம் என்ற பெண்கள் இந்திய அளவில் 45 விழுக்காடு. இமாச்சலப் பிரதேசத்தில் 15, தெலங்கானாவில் 84. கேரளத்தில் இக்கேள்விக்கு ஆம் என்ற பெண்கள் 52 விழுக்காடாக இருக்க, கணவனின் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடே. தமிழ்நாட்டில் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னவர்கள் 38 விழுக்காடு. தெற்கில் பெண்களின் நிலை வடக்கைவிட மேல் என்று கல்வி, மகப்பேறு, வேலை ஆகிய புள்ளிவிவரங்கள் பல காலமாகச் சொல்லிவரும்போது, இவ்வெண்கள் எதிர்த்திசையில் நிற்கின்றன. இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. தெற்கில் உண்மையிலேயே அடி அதிகமாக இருக்கலாம். அடிபட்டதை வெளியே சொல்லும் துணிவு தெற்கில் அதிகமாக இருக்கலாம். நியாயமா என்ற சொல் ஓரிடத்தில் அறத்தையும், இன்னோரிடத்தில் வழக்கமாக நடப்பதையும் குறித்திருக்கலாம். மூன்றும் ஒன்றோடொன்று கலந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. எனினும் முதல் விளக்கத்தைக் கழித்துவிட்டு மற்ற இரண்டையும் பற்றிக்கொள்வது தமிழ்நாட்டுக்கு வசதியான வாசிப்பாக முடியும். அளவீட்டுப் பிழை என்ற வாதம் பெண்களின் வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யும் கருவியாகிவிடக் கூடாது. அதே ஆய்வில், வன்முறைக்கு உள்ளான பெண்களில் 77 விழுக்காட்டினர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை என்று பதிவாகியிருப்பதால், சொல்லப்பட்டதைவிடச் சொல்லப்படாதது பெரிது என்று கொள்வதே தக்கது.

கேள்வி கேட்கப்படும் சூழலும் அளவீட்டின் ஒரு பகுதியே என்பதை முதலில் உணர்த்திய ஆவணங்களுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. அமெரிக்க அரசியல் அறிஞர்களான லாய்டு ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் இணையர் 1957இல் அன்றைய சென்னை மாநிலத்தில் கருத்தாய்வு நடத்தி, அந்தக் கள அனுபவத்தை அடுத்த ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். ஒவ்வொரு மனிதருக்கும் தனக்கே உரிய கருத்து ஒன்று உண்டு, அவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்டால் அதைச் சொல்வார் என்பது அமெரிக்காவில் உருவான கருத்தாய்வு முறையின் அடித்தளம். இங்கோ கேள்வி ஒருவரிடம் கேட்கப்பட்டாலும், சுற்றி நின்றவர்கள் விடையில் பங்கெடுத்தார்கள். தனியே வைத்துக் கேட்பதென்பதே இயலாததாகவும் வினோதமாகவும் தோன்றியது. சூசன் ருடால்ஃப் 2005இல் வெளியான கட்டுரை ஒன்றில், ஒரு சமூகத்தில் பிறந்த வகைப்பாடுகளை மற்றொரு சமூகத்தின் மேல் சுமத்துவதை வகைப்பாடுகளின் ஏகாதிபத்தியம் என்றே பெயரிட்டுக் கண்டித்தார். அக்கண்டனம் பெரும்பாலும் சரியானது. ஆனால் கூடிப் பேசிச் சொல்லும் கருத்தே இந்தியக் கருத்து என்ற முடிவுக்கு அது நழுவுமானால் ஏற்க இயலாது. கூட்டத்தில் பேசுபவர் யார், பேசாமல் நிற்பவர் யார் என்று பார்த்தால் அந்தப் பொதுக்கருத்து யாருடையது என்பது விளங்கும். கொங்கு ஊர்களில் தோட்டத்துச் சாளையில் தனித்து வாழும் விவசாயக் குடும்பத்திடம் கேட்பதும், ஊருக்கு வெளியே நெருங்கி அமைந்த அருந்ததியர் குடியிருப்பின் சந்தில் நின்று கேட்பதும் ஒரே நிகழ்வல்ல. களப்பணியாளர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து முடித்த பிறகுதான் விடைகளே வரத் தொடங்கும். அந்த விசாரணையின் முடிவைப் பொறுத்து விடையும் மாறும். குடும்ப வன்முறை பற்றிய பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு எவர் காதிலும் விழாத தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்று குடும்பநல ஆய்வு விதி வகுத்திருப்பதற்கு இத்தகைய பட்டறிவே காரணம்.

அடுத்தது கருத்துருவின் சிக்கல். மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல், ஒரு பண்பாட்டுக்குள் வாழ்பவர்களின் பகுப்பை அகநோக்கு என்றும், வெளியிலிருந்து எல்லாப் பண்பாடுகளுக்கும் பொதுவாக வைக்கப்படும் பகுப்பைப் புறநோக்கு என்றும் கொள்ளத்தக்க இரு சொற்களால் பிரித்தார். ஒப்பீட்டுக்குப் புறநோக்குப் பகுப்பு வேண்டும். ஆனால் விடை சொல்பவரிடம் இருப்பது அகநோக்குப் பகுப்பு. கடன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். நாமக்கல் மாவட்டக் குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கெர்ட் டி நேவ், தொழிலாளி முதலாளியிடம் வாங்கும் 'பாக்கி' என்னும் முன்பணத்தைப் பற்றி 1999இல் விரிவாக எழுதினார்: அது தொழிலாளியைக் கட்டிப்போடும் கயிறாகவும், அதே நேரத்தில் தொழிலாளியே கேட்டுப் பெற்றுத் தன் பேர வலிமைக்குப் பயன்படுத்தும் பிடியாகவும் இருப்பதை அவர் காட்டினார். கொத்தடிமைத்தனத்தை அளக்க முற்படும் வினாத்தாள் 'வேலை கொடுப்பவரிடம் கடன் உண்டா' என்று கேட்டால், கடன் என்பது வட்டிக்கு வாங்கியது, பாக்கி என்பது வேலையோடு வருவது என்று பிரித்துப் பேசும் ஒருவர் இல்லை என்று சொல்லக்கூடும். நாளை திருப்பித் தரும் கைமாற்றும் அப்படியே கணக்கில் ஏறாமல் போகும். விடை சொன்னவர் பொய் சொல்லவில்லை.

வேலை என்ற சொல்லும் இத்தகையதே. பல்லடம் வட்டாரத்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் கொடுக்க, கொட்டகையும் உழைப்பும் விவசாயி கொடுத்து, எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி பெறுவது வழக்கம். குஞ்சு இறக்கிய முதல் நாட்களில் சூடு குறையாமல் இரவெல்லாம் எழுந்து பார்ப்பதும், தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று கவனிப்பதும், செத்ததைப் பொறுக்குவதும் பல வீடுகளில் பெண்களின் கைவேலை; ஒப்பந்தமோ பெரும்பாலும் கணவன் பெயரில். அந்தப் பெண்ணிடம் 'வேலைக்குப் போறீங்களா' என்று கேட்டால், 'இல்லீங்க, வீட்டுலதான் இருக்கறேன்' என்பதே விடையாகும், ஏனெனில் வேலைக்குப் போவது என்றால் கூலிக்கோ கம்பெனிக்கோ போவது. தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் அவர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் என்ற 21ஆம் எண்ணில் வரவேண்டியவர். துருவிக் கேட்காத களப்பணியாளரின் கையில் வீட்டுவேலை மட்டும் செய்பவர் என்ற 92ஆம் எண்ணில் விழுவார். பெண்களின் உழைப்புப் பங்கேற்பில் இந்தியா உலக நாடுகளுக்குப் பின்னால் நிற்கிறது என்ற ஒப்பீட்டில் இப்படி விழுந்தவர்களின் பங்கும் இருக்கிறது.

நம்பிக்கை பற்றிய கேள்வியும் இவ்வாறே சோதனைக்கு உள்ளானது. 'பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா' என்ற கேள்வியை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. யான் டெல்ஹே, கென்னத் நியூட்டன், கிறிஸ்டியன் வெல்ஸல் ஆகியோர் 2011இல் 51 நாடுகளின் தரவைக் கொண்டு, அந்தப் 'பெரும்பாலான மனிதர்கள்' என்ற வட்டம் சில சமூகங்களில் முன்பின் தெரியாதவர்களையும் உள்ளடக்குகிறது, சிலவற்றில் உற்றார் உறவினரோடு நின்றுவிடுகிறது என்று காட்டினர். பங்காளியும் மாமன் மச்சானும் சேர்ந்து தொழில் தொடங்கும் கொங்கு நாட்டில் இவ்வட்டம் எங்கே முடிகிறது என்பதை எவரும் எளிதில் ஊகிக்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, 1970இல் ரிச்சர்டு பிரிஸ்லின் பரப்பிய மறுமொழிபெயர்ப்பு முறை, அதாவது தமிழில் பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் முறை, இன்றும் பரவலாக இருக்கிறது. அது போதாது. மன உளைச்சல், மனச்சோர்வு ஆகிய இரண்டு வேறு நிலைகளுக்கும் செய்தித்தாள்களில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல் வழங்குவதால், மறுமொழிபெயர்ப்பாளர் மூலத்துக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்லை ஊகித்து எழுதிவிட முடியும். தாளில் பொருந்தியது வாசலில் பொருந்தாது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம் இன்னொரு தடை: 'எந்த அளவுக்கு மனநிறைவு அடைகிறீர்கள்' என்று அச்சிட்டிருப்பதைக் களப்பணியாளர் ஒவ்வொரு வாசலிலும் தன் வாய்ப்படி மாற்றித்தான் கேட்கிறார், ஆகவே ஒரே தமிழ் வினாத்தாள் என்பதும் நடைமுறையில் பல வினாத்தாள்களே. ஜேனட் ஹார்க்னெஸ் வகுத்து ஐரோப்பிய சமூக ஆய்வு கைக்கொண்ட குழுமுறை இதைவிட மேலானது. இருவர் தனித்தனியே பெயர்த்து, குழுவாக அமர்ந்து விவாதித்து, முன்சோதனை செய்து, எடுத்த முடிவுகளையெல்லாம் பதிவு செய்வது அதன் வழி. உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தர அளவுகோலை உருவாக்கியபோது இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு நாட்டில் செய்து மற்ற நாடுகளுக்குப் பெயர்க்காமல், சென்னையும் புதுதில்லியும் அடங்கிய 15 மையங்களில் ஒரே காலத்தில் கருவியை வடித்தனர். 'சிறிதும் இல்லை' என்பதற்கும் 'மிக மிக அதிகம்' என்பதற்கும் இடையில் வரும் சொற்களை அகராதி பார்த்து இடவில்லை. உள்ளூர்ச் சொற்கள் பலவற்றை மக்களிடம் கொடுத்து, 10 சென்டிமீட்டர் நீளக் கோட்டில் ஒவ்வொரு சொல்லும் எங்கே நிற்கும் என்று குறிக்கச் சொல்லி, கால், அரை, முக்கால் தூரத்தில் விழுந்த சொற்களையே விடைப்படிகளாகக் கொண்டனர். சொல்லையே படியாக அளந்து பார்த்த அந்தப் பொறுமை வேறு ஆய்வுகளில் அரிதாகவே காணப்படுகிறது.

புள்ளியியலாளர்கள் இதே சிக்கலைத் தரவு கைக்கு வந்த பின் அணுகுகின்றனர். ஒரு மனப்பான்மையைப் பல கேள்விகளால் அளக்கும்போது இரண்டு குழுக்களிலும் அளவீடு ஒத்திருக்கிறதா என்பதை மூன்று நிலைகளில் சோதிப்பர். இரு இடங்களிலும் அதே கேள்விகள் ஒரே கொத்தாகச் சேர்கின்றனவா என்பது முதல் நிலையான அமைப்பு ஒப்புமை. ஒரு கேள்வியில் ஏறும் ஓர் அலகு இரு இடங்களிலும் மனப்பான்மையின் ஒரே அளவு ஏற்றத்தைக் குறிக்கிறதா என்பது அலகு ஒப்புமை. தொடங்கும் புள்ளியும் ஒன்றுதானா என்பது தொடக்க ஒப்புமை. முள் சுழியத்தில் நில்லாமல் எப்போதும் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும் தராசை நினைத்தால் இந்த மூன்றாம் நிலை விளங்கும்: நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தை அது சரியாகவே காட்டும், அடுத்த கடைத் தராசோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தவறாகும். நாடுகளின் சராசரிகளை ஒப்பிட இந்த மூன்றாம் நிலை தேவை, அதுதான் பெரும்பாலும் கிட்டுவதில்லை. 2016இல் உலக மதிப்பீடுகள் ஆய்வின் அளவுகோல்கள் இச்சோதனையில் தேறவில்லை என்று ஆய்வாளர்கள் அலெமானும் வுட்ஸும் எழுத, வெல்ஸலும் இங்கில்ஹார்ட்டும் அதே ஆண்டில் மறுப்பு எழுதினர். நாட்டின் சராசரி கல்வி, வருமானம் போன்ற வெளி உண்மைகளோடு எதிர்பார்த்தபடி பொருந்தினால் போதும் என்பது அவர்கள் வாதம். சராசரி பொருந்துவதால் அளவுகோல் சரியென்று ஆகாது, ஏனெனில் படித்த சமூகம் எதிர்பார்க்கப்படும் விடையைச் சொல்லக் கற்றிருப்பதும் அதே பொருத்தத்தைத் தரும். ஆயினும் முழு ஒப்புமை இல்லாத தரவையெல்லாம் எறிந்துவிடுவதும் அறிவுடைமையாகாது. சிறு விலகல்களை ஏற்று ஒப்பிடும் வழியை அஸ்பருஹோவ், முத்தேன் ஆகியோர் 2014இல் தந்துள்ளனர்.

தரவு கைக்கு வருமுன்னரே அளவுகோலை நேராக்க முயன்ற வழியும் ஒன்று உண்டு. கேரி கிங்கும் அவருடன் சேர்ந்தோரும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், அரசு தங்கள் பேச்சைக் கேட்கிறதா என்ற கேள்விக்குச் சீனர்கள் மெக்சிகோ மக்களைவிட உயர்ந்த விடை தந்திருந்ததை எடுத்துக்கொண்டனர். குடிநீர் கிடைக்காத சில கற்பனை மனிதர்களின் நிலையைச் சிறு சித்திரங்களாகச் சொல்லி, அவர்களையும் அதே அளவுகோலில் மதிப்பிடச் சொன்னபோது, வாக்கும் இன்றிக் கேட்பாரும் இன்றிப் பொறுத்துக் கிடக்கும் மனிதரைவிடத் தங்களைக் கீழே வைத்த சீனர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு இருந்தனர், வரிசை தலைகீழானது. குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பதே அன்றாடப் பேச்சாக இருக்கும் ஊர்களில் இந்தச் சித்திரத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் அச்சித்திரத்தை ஒரே விதமாகப் புரிந்துகொள்கிறார்கள், பிறரை அளக்கும் கோலாலேயே தங்களையும் அளக்கிறார்கள் என்ற இரு எடுகோள்களின் மேல் இம்முறை நிற்கிறது. சாதியும் பாலினமும் கோலை மாற்றும் சமூகத்தில் இரண்டையும் சோதிக்காமல் ஏற்க இயலாது.

பண்பாடுகளுக்கிடையே ஒப்பிடுதல் என்றால் நாடுகளுக்கிடையே என்று பொருள்கொள்ளும் பழக்கமும் இங்கே செல்லாது. திருப்பூர், பல்லடம் வட்டாரத்தின் நூற்பாலைகளிலும் பின்னலாடைக் கூடங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் தமிழ்த் தொழிலாளர்களும் ஒரே ஷிப்டில் வேலை செய்கின்றனர். வேலை பிடித்திருக்கிறதா, மேற்பார்வையாளர் மரியாதையாக நடத்துகிறாரா என்று ஐந்து படிகளில் கேட்கும் ஓர் ஆய்வு, வெளிமாநிலத்தவர் மனநிறைவோடு இருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் குறைசொல்கிறார்கள் என்று முடிவு சொல்லுமானால், அம்முடிவு அடுத்த ஆண்டு யாரை வேலைக்கு எடுப்பது என்பதையே தீர்மானிக்கலாம். விடுதி அறையில் பத்துப்பேர் நடுவே, கண்காணிப்பாளர் வாசலில் நிற்க, ஊருக்குத் திரும்பும் ரயில் செலவை எண்ணிக்கொண்டிருப்பவர் சொன்ன 'நன்றாக இருக்கிறது' என்பதும், வேலை முடிந்து தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் சொன்ன 'சுமாருங்க' என்பதும் ஒரே கோலில் குறித்த புள்ளிகள் அல்ல. ஒடியாவிலும் தமிழிலும் அந்தப் படிகளுக்கு எந்தச் சொற்கள் இடப்பட்டன, அவற்றை யார் தேர்ந்தார், எங்கே யார் முன்னிலையில் கேட்கப்பட்டன என்பவை அறிக்கையிலேயே அச்சாக வேண்டும். இன்று வெளிவரும் அறிக்கைகளின் பின்னிணைப்பில் பெரும்பாலும் ஆங்கில வினாத்தாளே இடம்பெறுகிறது. அந்த ஆங்கிலத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை.